இரண்டு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர்: இவற்றை வைத்து வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்யலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கையில் இரண்டு வால்வுகள் (பழைய ரேடியோக்களில் வரும் கண்ணாடிக் குழாய்கள்) இருக்கின்றன: ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 ஒன்று, அதற்கு முன் சிக்னலைப் பெருக்கும் இசிசி83 ஒன்று. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு சும்மா கிடக்கின்றன. அவற்றை முதுகோடு முதுகு சேர்த்து வால்வுக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜை எடுக்கலாமா என்கிறீர்கள். அவுட்புட்டுக்கு, மைக்செட் ஸ்பீக்கர்களில் வரும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் 2 வாட் டேப் (கம்பிச் சுருளிலிருந்து வெளியே எடுத்த இணைப்பு) கணக்குப்படி சரியாக வருகிறதே, போதாதா என்கிறீர்கள். கடைசியில், எப்படி வயர் செய்தால் ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் மெயின்ஸ் முரல்) வராது என்று ஒரு வரி. முதலாவதற்கு என் பதில் ஆம். இரண்டாவதற்கு, நீங்கள் நினைத்திருக்கும் விதத்தில் என்றால், இல்லை. மூன்றாவதை ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். ஆனால் அதிகம் சொல்ல வேண்டியது அதில்தான்.

அதற்கு முன் ஒன்று. 230 வோல்ட்டை நேராக நான்கு டயோடில் கொடுத்தாலே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி கிடைக்குமே, டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் வேலை வோல்ட்டேஜை மாற்றுவது அல்ல, உங்களை மெயின்ஸிலிருந்து பிரித்து வைப்பது. அது இல்லாவிட்டால் சாஸிஸ் (எல்லாவற்றையும் மாட்டும் உலோகத் தட்டு), வால்யூம் கன்ட்ரோல், பாட்டுக்காகச் செருகும் வயர், அதன் மறுமுனையில் இருக்கும் ஃபோன் எல்லாமே மெயின்ஸோடு ஒட்டியிருக்கும். ஒரே சுருளால் ஆன ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் இதே காரணத்தால் உதவாது.

இனி கணக்கு. வால்வுக்குள் ஹீட்டர் சூடாக்கும் கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டுக்கு ஓடுகின்றன; நடுவே உள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது, ஸ்கிரீன் அதற்கு உதவும் இன்னொரு கம்பிச் சுற்று. இஎல்84 ஒற்றை வால்வாக ஓடும்போது அதன் தகவல் தாள் சொல்வது: பிளேட்டில் 250 வோல்ட், ஸ்கிரீனில் 250 வோல்ட், பிளேட் மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர், ஸ்கிரீன் 5.5 மில்லி ஆம்பியர், கேத்தோடு ரெசிஸ்டர் 135 ஓம், லோடு (பிளேட் ஓட்ட வேண்டிய எதிர்ப்பு) 5.2 கிலோ ஓம். கிடைப்பது 10 சதவீத டிஸ்டார்ஷனில் 5.7 வாட். 250 வோல்ட்டை 48 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 12 வாட் வருகிறது. அந்த வால்வின் பிளேட் தாங்கும் உச்சமும் 12 வாட்தான். அதாவது தகவல் தாளின் எண்களே வால்வை விளிம்பில் நிறுத்தியிருக்கின்றன. வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, கூடினால்தான் யோசிக்க வேண்டும். இசிசி83 சேர்த்து மொத்தம் 55 மில்லி ஆம்பியர் டிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கு இஎல்84 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியரும், இசிசி83 0.3 ஆம்பியரும் இழுக்கும்.

எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 55 மில்லி ஆம்பியர் டிசி வேண்டும் என்றால் 55 மில்லி ஆம்பியர் வைண்டிங் (டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுருள்) போதாது. பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு) பின்னால் நேராகக் கெபாசிட்டர் இருக்கும்போது, வைண்டிங்கின் ஏசி ரேட்டிங்கில் சுமார் 0.62 பங்குதான் டிசியாக எடுக்கலாம். மீதி எங்கே போகிறது என்றால், கெபாசிட்டர் ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் மட்டும் குட்டையான, பெரிய இழுப்பாக மின்னோட்டத்தை எடுக்கிறது. வைண்டிங் சூடாவது அந்த இழுப்புகளின் ஆர்எம்எஸ் (சூடாக்கும் திறனை வைத்துக் கணக்கிடும் சராசரி) அளவுக்கு. ஆக 55-க்கு 90 மில்லி ஆம்பியர் வைண்டிங் வேண்டும். நடுவில் டேப் எடுத்த வைண்டிங்கும் இரண்டு டயோடும் என்றால் ஒவ்வொரு பாதியும் மாறி மாறி ஓய்வெடுப்பதால், ரேட்டிங் அளவையே ஏறக்குறைய டிசியாக எடுக்கலாம்.

உங்கள் இரண்டு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு வருவோம். முதலாவது 230-ஐ 12 ஆக்கும், இரண்டாவது தலைகீழாக நின்று 12-ஐ மறுபடி ஏற்றும். ஆனால் 230 திரும்பக் கிடைக்காது. சின்ன டிரான்ஸ்ஃபார்மரை முழு லோடில் 12 வோல்ட் வரும்படி சுற்றியிருப்பார்கள். லோடு இல்லாதபோது அது 13 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். அந்தக் கூடுதல் சுற்றுகள், திருப்பிப் போடும்போது நமக்கு எதிராக வேலை செய்கின்றன. இரண்டிலும் உள்ள கம்பி இழப்பும் சேர்ந்து, லோடில் 180 முதல் 200 வோல்ட் ஏசிதான் எதிர்பார்க்கலாம். ரெக்டிஃபை செய்தால் 240 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் டிசி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பியிலும் கேத்தோடிலும் போவது போக, வால்வின் குறுக்கே 215 - 225 வோல்ட் நிற்கும். ஏறக்குறைய 4 வாட் கிடைக்கும், வால்வும் நீண்ட நாள் உழைக்கும். எனக்கு இது போதும். உங்களுக்கும் போதும் என்றே நினைக்கிறேன். 4 வாட்டுக்கும் 5.7 வாட்டுக்கும் இடையே காதுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான். 3 டெசிபல் அதிக சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் அதைப்போல இரண்டு மடங்கு ஈடு செய்துவிடும்.

ஆனால் ஹீட்டரையும் அதே 12 வோல்ட் இணைப்பிலிருந்து எடுக்க ஆசைப்படாதீர்கள். உயர் வோல்ட்டேஜ் பக்கத்துக்கு மட்டும் அந்த 12 வோல்ட் இணைப்பில் சுமார் ஒன்றரை ஆம்பியர் ஓடும். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த காந்தமாக்கல் மின்னோட்டம் அதற்கு மேல். ஹீட்டரையும் தலையில் ஏற்றினால் முதலாவது 2 ஆம்பியரைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு இஎல்84-க்காக ஒரு 7.5 ஓம் ரெசிஸ்டரில் 4 வாட்டுக்கு மேல் வீணாகச் சூடாக்க வேண்டும். 6 வோல்ட், ஒன்றரை ஆம்பியரில் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடுங்கள். 6.3-க்கு 6 என்பது 5 சதவீதம் குறைவு. இந்த வால்வுகளின் ஹீட்டருக்கு 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் பரவாயில்லை. வேறு யாராவது முறையான வால்வு டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். செகண்டரி (வெளியே கொடுக்கும் வைண்டிங்) 210 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், ஹீட்டர் 6.3 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் உங்கள் வேலைக்குக் கச்சிதம். அளவுக்கு மீறிப் பெரியதாக, ஹீட்டர் வைண்டிங் 6 ஆம்பியர் என்றெல்லாம் எடுத்தால், ஒரு ஆம்பியர் லோடில் அது 6.3-ஐத் தாண்டி நிற்கும். பெரியது எப்போதும் பாதுகாப்பானது அல்ல.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் இந்த மாதிரி ஒட்டுவேலை செல்லாது. உங்கள் கணக்கு சரிதான்: 100 வோல்ட் லைனில் 2 வாட் எடுக்கும் டேப்பின் இம்பீடன்ஸ் (ஏசிக்கு அது காட்டும் எதிர்ப்பு), 100-இன் வர்க்கத்தை 2-ஆல் வகுத்தால் 5000 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரைக் கட்டினால் இஎல்84 கேட்கும் 5.2 கிலோவுக்கு மிக அருகில். எண் பொருந்திவிட்டது என்று பலரும் வாங்கி மாட்டுகிறார்கள். பாட்டும் வரும், ஆனால் பேஸ் இருக்காது, கொஞ்சம் ஒலியைக் கூட்டினால் கரகரக்கும்.

காரணம் டிசி. ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபையரில் அந்த 48 மில்லி ஆம்பியரும் பிரைமரி (உள்ளே வாங்கும் வைண்டிங்) வழியாகவே, எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. பாட்டே இல்லாதபோதும் கோர் (நடுவில் உள்ள இரும்புத் தகடுகளின் அடுக்கு) ஒரு பக்கமாகக் காந்தமேறி நிற்கிறது. லைன் டிரான்ஸ்ஃபார்மரில் டிசி என்பதே கிடையாது. அதனால் அதன் ஆங்கில E (ஈ), I (ஐ) வடிவத் தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி, இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருப்பார்கள். அந்தக் கோர் இந்த டிசியில் நிறைவுற்றுவிடும், அதாவது அதற்கு மேல் காந்தமேறாது. பிறகு அதன் இண்டக்டன்ஸ் (ஏசி மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் காந்தத் தன்மை) சரிந்துவிடும், பேஸும் அதோடு போய்விடும். போதாததற்கு, 2 வாட் டேப்தான் அதிகச் சுற்றுகள் உள்ள டேப். காந்தமேற்றம் சுற்றுகளையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது என்பதால் பாதிப்பு அதில்தான் அதிகம். ஒற்றை வால்வுக்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மரில் ஈ தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடுகள் எல்லாம் மறுபக்கம் இருக்கும். நடுவே ஒரு தாள் அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தத் தாள்தான் கோரைக் காப்பாற்றுகிறது. பதிலுக்கு இண்டக்டன்ஸ் குறையும், அதை ஈடுகட்டக் கோரும் சுற்றுகளும் கூட வேண்டும். இதனால்தான் 5 வாட் ஒற்றை வால்வு டிரான்ஸ்ஃபார்மர், 5 வாட் லைன் டிரான்ஸ்ஃபார்மரைவிட அவ்வளவு கனக்கிறது. கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

எவ்வளவு இண்டக்டன்ஸ் வேண்டும்? இஎல்84-இன் உள் ரெசிஸ்டன்ஸ் 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, லோடு 5.2 கிலோ, இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்தால் 4.6 கிலோ. 50 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் மட்டுமே குறைய வேண்டுமானால் அந்த 4600-ஐ 314-ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 15 ஹென்றி, அதுவும் 48 மில்லி ஆம்பியர் டிசி ஓடிக்கொண்டிருக்கும்போது. 80 ஹெர்ட்ஸ் போதும் என்றால் 9 ஹென்றி. பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகத்தோடு நின்றுவிடும் அல்லது அதற்கும் கீழே. ஆனாலும் அது ஒற்றை வால்வுக்கென்றே பிறந்தது, உங்கள் லைன் டிரான்ஸ்ஃபார்மரைவிட ஆயிரம் மடங்கு மேல். வாங்கும்போது 5 கிலோவுக்கு 8 ஓம், 5 வாட் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மில்லி ஆம்பியர் டிசி தாங்கும், எத்தனை ஹென்றி என்று கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

லைன் டிரான்ஸ்ஃபார்மரை எறிய மனம் வரவில்லை என்றால் ஒரு நேர்மையான வழி உண்டு. 10 - 15 ஹென்றி, 60 மில்லி ஆம்பியர் சோக் (இரும்புக் கோரில் சுற்றிய ஒற்றைச் சுருள்) ஒன்றின் வழியாகப் பிளேட்டுக்கு டிசி கொடுத்து, பிளேட்டிலிருந்து சில மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் வழியாக லைன் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டலாம். டிரான்ஸ்ஃபார்மருக்கு டிசியே போகாது. ஆனால் நல்ல சோக்குக்கு ஆகும் செலவில் முறையான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே வந்துவிடலாம். தகடுகளைப் பிரித்து இடைவெளி வைத்து மறுபடி அடுக்கலாமே என்றும் கேட்பீர்கள். வார்னிஷ் போடாததாக இருந்தால் முடியும். பலன் எவ்வளவு என்பது உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளையும் கோர் அளவையும் பொறுத்தது, பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். கோர் தகட்டின் ரகம், கம்பியின் தூய்மை ஆகியவை ஒலியை எப்படி மாற்றும் என்பதும் அப்படித்தான்: ஆளுக்கொரு கருத்து உண்டு. இண்டக்டன்ஸும் டிசி தாங்கும் திறனும் கருத்து அல்ல, அளந்து பார்க்கலாம்.

இனி வயரிங். முதலில் எது எந்த வைண்டிங் என்று தெரிய வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள்: ஹீட்டர் வைண்டிங் ஒரு ஓமுக்கும் கீழே, மெயின்ஸ் பிரைமரி சில பத்து ஓம், உயர் வோல்ட்டேஜ் வைண்டிங் நூறு, இருநூறு ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி சில நூறு ஓம், செகண்டரி ஒரு ஓம் அளவு. அமெரிக்க நிற முறையில் வந்த பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் கறுப்பு பிரைமரி, சிவப்பு உயர் வோல்ட்டேஜ், பச்சை ஹீட்டர். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர் அதில் ஹீட்டரின் நடு டேப். பாதுகாப்பு எர்த் அல்ல. அதே நிறத்தில் இன்று மூன்று பின் வயரில் வருவதுதான் எர்த். இரண்டையும் குழப்பினால் விபரீதம், அதனால் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

மெயின்ஸ் எர்த் வயரை வேறு எதற்கும் பயன்படாத தனி போல்ட்டில், சாஸிஸின் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, இறுக்கமாகக் கட்டுங்கள். ஃபியூஸும் சுவிட்சும் லைவ் பக்கத்தில். அரை ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போதும்.

ஹம் பெரும்பாலும் பிறப்பது டிரான்ஸ்ஃபார்மரில் அல்ல, பிரிட்ஜின் மைனஸ் வயரை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில். முன்பு சொன்ன அந்தக் குட்டையான இழுப்புகளின் உச்சி, சராசரியைப்போலப் பல மடங்கு; 55 மில்லி ஆம்பியருக்கு 300 மில்லி ஆம்பியர் என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் நொடிக்கு 100 தடவை. அந்த இழுப்பு போகும் வழியில் நூறில் ஒரு ஓம் மட்டுமே உள்ள ஒரு துண்டு வயரையோ சாஸிஸையோ இசிசி83-இன் கிரிட் ரெசிஸ்டரும் தன் கிரவுண்டாகப் பயன்படுத்தினால், 3 மில்லி வோல்ட் இன்புட்டில் ஏறிவிடும். இஎல்84 முழு ஒலிக்குக் கேட்பது கிரிட்டில் 4.3 வோல்ட், இசிசி83-இன் பெருக்கம் சுமார் 60. ஆக முழு ஒலிக்கு இன்புட்டில் 70 மில்லி வோல்ட் போதும். 70-க்கு 3 என்றால் அறை முழுக்கக் கேட்கும் ஹம். இதற்கு எத்தனை பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் போட்டாலும் பயனில்லை. கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் இழுப்பின் உச்சி இன்னும் கூடும்.

ஆகவே பிரிட்ஜின் மைனஸ், அல்லது நடு டேப், சாஸிஸுக்குப் போகக் கூடாது. நேராக முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் மைனஸ் காலுக்கு, அதோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து ஒரு வயர் இரண்டாவது கெபாசிட்டரின் மைனஸுக்கு. இஎல்84-இன் கேத்தோடு ரெசிஸ்டரும் ஸ்பீக்கர் மைனஸும் அங்கே சேரட்டும். அங்கிருந்து இசிசி83-க்கான மூன்றாவது கெபாசிட்டர். முன்கட்டத்தின் கிரவுண்டுகள் எல்லாம் அங்கே. கடைசியில் இன்புட் சாக்கெட் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் சாஸிஸைத் தொட வேண்டும். சாக்கெட்டே உலோகமாக இருந்தால் அதைச் சாஸிஸிலிருந்து பிரித்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடமாகிவிடும்.

ஹீட்டர் வயரை நெருக்கமாக முறுக்கி, சாஸிஸின் மூலையோடு ஒட்டி ஓட்டுங்கள். உங்கள் 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் நடு டேப் இருக்காது. இரண்டு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று கிரவுண்டுக்குப் போட்டால் அதுவே நடு டேப். அதைப் போடாமல் ஹீட்டரை மிதக்க விட்டால் ஹம் நிச்சயம்.

டிரான்ஸ்ஃபார்மர்களை எங்கே திருக வேண்டும் என்பதைத் துளை போடும் முன்பே காதால் தீர்மானிக்கலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எதிலும் இணைக்காமல், அதன் செகண்டரியில் ஒரு ஹெட்ஃபோனை மட்டும் கட்டுங்கள். அல்லது பிரைமரியில் மல்டிமீட்டரை மில்லி வோல்ட் ஏசியில் வையுங்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி முனைகளை டேப் சுற்றி மூடிவிட்டு, பிரைமரிக்கு மட்டும் மெயின்ஸ் கொடுங்கள். இப்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மேசையில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் முரல் ஏறும், கோர்கள் செங்குத்தாகும் இடத்துக்கு அருகில் சட்டென்று அடங்கும். அந்த நிலையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு துளை போடுங்கள். உங்களுக்குப் பவர் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று என்பதால் மூன்றையும் ஓட விட்டுப் பார்க்க வேண்டும்; வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் தொல்லை குறைவு, ஆனால் அதன் நடு போல்ட்டின் இரண்டு முனையும் சாஸிஸைத் தொடக் கூடாது, தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்று ஆகிவிடும்.

பிரைமரியின் ஒரு முனை எச்.டி. பிளஸுக்கு (உயர் வோல்ட்டேஜ் டிசியின் பிளஸ்), மற்றது பிளேட்டுக்கு. ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பங்கை முன்கட்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பது) போடாதவரை எது எது என்று கவலை வேண்டாம். செகண்டரியிலிருந்து ஃபீட்பேக் கொடுத்ததும் ஊளையிட்டால், பிரைமரியின் இரு முனையையும் மாற்றிக் கட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் எழும் வோல்ட்டேஜ் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். பிளேட் வயர் எங்காவது விட்டுப்போனால் மொத்த மின்னோட்டமும் ஸ்கிரீனுக்குத் திரும்பும், அந்த மெல்லிய கம்பி சிவந்து எரியும்.

முதல் தடவை வால்வு இல்லாமல், 60 வாட் இழை பல்பு ஒன்றைச் சீரியஸில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு டிசியைப் பாருங்கள்: லோடு இல்லாததால் 320 வோல்ட் வரை காட்டும், மெயின்ஸ் கூடுதலாக இருந்தால் 350 வரைகூட. அதனால்தான் கெபாசிட்டர்கள் 450 வோல்ட்டாக இருக்க வேண்டும். முதல் கெபாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கட்டும். 47 மைக்ரோஃபாரட் என்றால் அணைத்து ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். அப்படியும் மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள், ஒரு கை பையில் இருக்கட்டும்.

கடைசியாக வால்வுகளைச் செருகி, ஸ்பீக்கரைக் கட்டி, இஎல்84-இன் கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே அளவெடுங்கள். 250 வோல்ட்டில் 135 ஓமுக்கு 7.2 வோல்ட் வர வேண்டும். உங்களுடைய குறைந்த வோல்ட்டேஜில் 6-க்கும் 7-க்கும் இடையே வரும். 9-ஐத் தாண்டினால் உடனே அணையுங்கள்: வால்வு கெட்டிருக்கலாம், அல்லது இசிசி83-இலிருந்து பாட்டை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் டிசியைக் கசியவிடலாம். இஎல்84-இன் கிரிட்டில் பிளஸ் வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால் வால்வைக் குறை சொல்லும் முன் அந்தக் கெபாசிட்டரை மாற்றுங்கள்.